மாடு இல்லாத கௌபாய்கள்

தலையில் அகலமான தொப்பி. கழுத்தில் கட்டம் போட்ட கைக்குட்டை. இடுப்பில் தோல் பெல்ட், அதில் தொங்கும் துப்பாக்கி. புழுதி பறக்க ஒரு குதிரை வந்து நிற்கிறது. இறங்குகிறவர் ஜெய்சங்கர். எதிரே நிற்பவன் சுத்தத் தமிழில் சவால் விடுகிறான். அடுத்த நிமிடம் படபடவென்று தோட்டாக்கள்!

1970களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டின் டூரிங் கொட்டகைகளில் மணல் குவித்து உட்கார்ந்து படம் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி நன்றாகத் தெரியும். காலம் வெல்லும் (1970), கங்கா (1972), ஜக்கம்மா (1972), எங்க பாட்டன் சொத்து (1975) என்று வரிசையாக வந்தன. எல்லாவற்றையும் இயக்கியவர் ஒளிப்பதிவாளர் கர்ணன். எல்லாவற்றிலும் நாயகன் ஜெய்சங்கர்.

இந்தப் படங்களில் குதிரை, துப்பாக்கி, கொள்ளைக்கூட்டம், பாறை, பள்ளத்தாக்கு எல்லாம் உண்டு. ஆனால் கதையை நகர்த்தும் இடத்தில் ஒரு பொருள் மட்டும் இல்லை. அதுதான் மாடு! கௌபாய் என்றாலே மாட்டுக்காரப் பையன் என்றுதானே அர்த்தம்? மாட்டுக்காரனின் தொப்பி தமிழ்நாட்டுக்கு வந்தது, மாடு மட்டும் ஏன் வரவில்லை? வேடிக்கையான கேள்வி மாதிரித்தான் தெரியும். ஆனால் இதைப் பிடித்துக்கொண்டு போனால் வயோமிங்கில் தொடங்கி மாமல்லபுரம் வரை போகலாம்.

அசல் கௌபாய் ஒரு கூலித் தொழிலாளி

முதலில் அமெரிக்கா. 1865இல் அங்கே உள்நாட்டுப் போர் முடிந்தபோது டெக்ஸாஸ் மாநிலத்தில் நீளக்கொம்பு மாடுகள் லட்சக்கணக்கில் பெருகிக் கிடந்தன. உள்ளூரில் ஒரு மாட்டுக்கு மூன்று நான்கு டாலர்தான் விலை. வடக்கே இருந்த நகரங்களிலோ அதைப் போலப் பத்து மடங்கு. வணிகம் படிக்கிறவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. விலை வித்தியாசம் எங்கே இருக்கிறதோ அங்கே பாதை உருவாகும்.

1867இல் கன்சாஸின் அபிலீன் ஊரில் ரயிலில் மாடு ஏற்றும் வசதி வந்தது. டெக்ஸாஸிலிருந்து அங்கே வரை ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல். இரண்டாயிரம், மூவாயிரம் மாடுகளைப் பத்துப் பன்னிரண்டு பேர் இரண்டு மூன்று மாதம் ஓட்டிக்கொண்டு போக வேண்டும். அந்தப் பத்துப் பன்னிரண்டு பேர்தான் கௌபாய்கள். மாதச் சம்பளம் முப்பது, நாற்பது டாலர். அவர்களில் கறுப்பினத்தவர் கணிசம். மெக்ஸிகோக்காரர்களும் உண்டு. சுருக்குக் கயிறு முதல் சேணம் வரை தொழிலின் பாதிச் சமாச்சாரம் மெக்ஸிகோ மாட்டுக்காரர்களிடம் கற்றதுதான்.

இந்த வாழ்க்கை இருபது ஆண்டுகூட முழுசாக நீடிக்கவில்லை. 1874இல் முள்கம்பிக்குக் காப்புரிமை கிடைத்தது. திறந்த மேய்ச்சல் நிலம் வேலிக்குள் போனது. ரயில் பாதை மாட்டின் வாசலுக்கே வந்துவிட்டது. 1886-87 பனிக்காலத்தில் மாடுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. கௌபாயின் தொழில் முடிந்தது.

தொழில் முடிந்த இடத்தில் சினிமா தொடங்கியது! 1903இல் வந்த 'தி கிரேட் டிரெயின் ராபரி'யில் தொடங்கி, 1930களில் ரிபப்ளிக், மோனோகிராம் போன்ற சின்னக் கம்பெனிகள் வெஸ்டர்ன் படங்களைத் தொழிற்சாலை மாதிரி தயாரித்துத் தள்ளின. ஒரு படத்துக்கு ஒன்றிரண்டு வார ஷூட்டிங். அதே குதிரை, அதே தெரு, அதே பாறை. பண்ணை முதலாளி, மாட்டுத் திருடன், நடுவில் ஒரு நல்லவன், இவ்வளவுதான் கதை. பெரிய படத்தோடு இலவச இணைப்பு மாதிரி ஓடிய இவற்றைத்தான் 'பி' படங்கள் என்றார்கள்.

இத்தாலி வழியாகக் கோடம்பாக்கம்

தமிழுக்கு வந்தது இந்த அமெரிக்கச் சரக்கு நேரடியாக அல்ல. நடுவில் இத்தாலி இருக்கிறது. 1964 முதல் 1966 வரை செர்ஜியோ லியோனி எடுத்த மூன்று 'டாலர்' படங்கள் உலகத்தையே ஒரு கலக்குக் கலக்கின. ஸ்பெயினின் அல்மெரியா வறண்ட நிலத்தில், குறைந்த செலவில், கிளிண்ட் ஈஸ்ட்வுட்டை வைத்து எடுத்தவை. அவற்றில் பண்ணையும் மாடும் பின்னால் போய்விட்டன. பணமும் பழிவாங்கலும் முன்னால் வந்துவிட்டன. பிறகு 1969இல் 'மெக்கன்னாஸ் கோல்ட்' வந்து இந்தியாவில் சக்கைப்போடு போட்டது. அதுவும் புதையல் கதைதான்.

ஆக, நம் ஊர் இயக்குநர்கள் பார்த்த வெஸ்டர்னிலேயே மாடு பாதி காணாமல் போயிருந்தது. 1971இல் தெலுங்கில் கிருஷ்ணா நடித்த 'மோசகாள்ளகு மோசகாடு' வந்தது. இயக்கம் கே.எஸ்.ஆர்.தாஸ், கதை ஆருத்ரா. ராஜஸ்தான் பாலைவனம் வரை போய் எடுத்தார்கள். அதிலும் புதையல்தான் மையம். 'மோசக்காரனுக்கு மோசக்காரன்' என்று தமிழிலும் பேசியது.

கர்ணனின் கதை கொஞ்சம் வேறு. அவர் அடிப்படையில் கேமராக்காரர். கே.எஸ்.கோபாலகிருஷ்ணனின் கற்பகம் (1963) போன்ற குடும்பப் படங்களுக்கு ஒளிப்பதிவு செய்தவர். நாலு சுவருக்குள் கண்ணீர்க் காட்சிகளைப் படம் பிடித்த மனிதர், தானே இயக்க வந்ததும் கேமராவைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினார். குதிரை ஓடினால் கேமராவும் கூடவே ஓடும். ஆபத்தான கோணங்கள், நீளமான சேஸிங், வெட்டவெளிச் சண்டை... அவர் படம் என்றால் இதற்காகவே கூட்டம் வந்தது. செட் போட்டு எடுத்த ராஜா ராணிப் படங்களில் குதிரையைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது புது அனுபவம்.

ஜெய்சங்கர் ஏன்? இங்கேதான் கணக்கு வருகிறது. 1965இல் இரவும் பகலும் படத்தில் அறிமுகமான அவர், தயாரிப்பாளருக்குக் கையைக் கடிக்காத நடிகர் என்று பெயர் எடுத்தவர். வாரா வாரம் ஒரு படம் வருகிற மாதிரி இருந்ததால் 'வெள்ளிக்கிழமை ஹீரோ' என்றே சொன்னார்கள். வல்லவன் ஒருவன், சி.ஐ.டி. சங்கர் என்று துப்பறியும் படங்கள் அவருக்குத் 'தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட்' பட்டத்தை வாங்கித் தந்திருந்தன. துப்பாக்கி அவர் கைக்குப் பொருந்தும் என்பது ஏற்கெனவே மக்களுக்குத் தெரியும்.

அந்தக் காலத்தில் படம் ஏரியா ஏரியாவாக விற்கப்படும். வட ஆற்காடு, தென் ஆற்காடு, செங்கல்பட்டு மூன்றும் சேர்ந்து 'என்.எஸ்.சி. ஏரியா'. சினிமா வியாபாரத்தில் இந்தப் பெயர் ரொம்பப் பிரசித்தம். எம்.ஜி.ஆர்., சிவாஜி படங்களை வாங்கப் பெரிய முதல் வேண்டும். சின்ன விநியோகஸ்தருக்கும் கிராமத்துக் கொட்டகைக்காரருக்கும் ஒரு சிக்கனப் படம் வேண்டும், ஆனால் திரையில் அது சிக்கனமாகத் தெரியக்கூடாது. பாறைக்கு வாடகை இல்லை, வெயிலுக்குக் கட்டணம் இல்லை. இந்த இடத்தை நிரப்பியவைதான் ஜெய்சங்கர் படங்கள். அமெரிக்காவில் 'பி' வெஸ்டர்ன் செய்த வேலையும் இதேதான்.

இன்னொரு வேடிக்கை. வெஸ்டர்ன் படங்களின் பின்னணியில் தெரியும் செடிகளைக் கவனித்தால், அவை செங்கல்பட்டுப் பக்கத்துப் பொட்டல்களிலும் இருக்கும். சப்பாத்திக்கள்ளி அமெரிக்காவிலிருந்து வந்தது. வேலியோரக் கற்றாழை அங்கிருந்து வந்தது. சீமைக்கருவேலமும் 19ஆம் நூற்றாண்டில் அந்தக் கண்டத்திலிருந்து கொண்டுவரப்பட்டதுதான். கௌபாய் வருவதற்கு முன்னாலேயே அவன் காடு இங்கே வந்து காத்திருந்தது!

உண்மையான மாட்டுக்காரன் வேறு தியேட்டரில்

காலம் வெல்லும் வந்த அதே 1970இல், பொங்கலுக்கு இன்னொரு படம் வந்தது. எம்.ஜி.ஆர். இரட்டை வேடத்தில் நடித்த மாட்டுக்கார வேலன். ஒருவர் மாடு மேய்க்கும் வேலன், இன்னொருவர் வக்கீல். படம் வெள்ளிவிழா கண்டது.

யோசித்துப் பாருங்கள். 'கௌபாய்' என்ற சொல்லை அப்படியே தமிழில் சொன்னால் 'மாட்டுக்காரன்'. அந்த மாட்டுக்காரன் தமிழ் சினிமாவில் துப்பாக்கி இல்லாமல், தொப்பி இல்லாமல், கம்பும் பாட்டுமாக வந்தான். துப்பாக்கியோடு வந்தவனுக்கு மாடே கிடையாது. ஒரே ஆள் இரண்டாகப் பிரிந்து இரண்டு தியேட்டரில் ஓடிக்கொண்டிருந்த மாதிரி!

காரணம் ஒன்றும் ரகசியமில்லை. ஆயிரம் மாடு வைத்திருக்கும் பண்ணை முதலாளி நம் ஊரில் இல்லை. இரண்டு உழவு மாடும் ஒரு பசுவும் உள்ள குடியானவன்தான் இருக்கிறான். நம் ஊரில் மாடு வீட்டு உறுப்பினர், அதற்குப் பெயர் உண்டு, பொங்கலில் ஒரு நாள் உண்டு. மந்தை மந்தையாக ஓட்டிப் போகும் சரக்காக அதைத் திரையில் காட்டினால் பார்வையாளனுக்கு ஒட்டாது.

அப்படியானால் மாட்டு மந்தைக்காகச் சண்டை போடுவது நமக்குத் தெரியாத கதையா? இல்லவே இல்லை. நமக்குத் தெரிந்த மிகப் பழைய கதையே அதுதான்.

வெட்சியும் கரந்தையும்

தொல்காப்பியப் புறத்திணையின் தொடக்கமே வெட்சி. பகைவரின் ஆநிரையை இரவோடு இரவாகக் கவர்ந்து வருவது வெட்சி. துரத்திப் போய் மீட்பது கரந்தை. போருக்கு முதல் படி அரண்மனையில் தொடங்கவில்லை, மாட்டுக் கொட்டிலில் தொடங்கியது. ஏனென்றால் அன்றைக்கு மாடுதான் சொத்து. 'மாடு' என்ற சொல்லுக்கே செல்வம் என்று ஒரு பொருள் உண்டு, திருக்குறளிலும் அப்படி வருகிறது. லத்தீனில் பணத்தைக் குறிக்கும் 'பெகூனியா' என்ற சொல், மந்தையைக் குறிக்கும் 'பெகுஸ்' என்பதிலிருந்து வந்தது. ஆங்கிலத்தில் மாட்டைக் குறிக்கும் 'கேட்டில்', முதலைக் குறிக்கும் 'கேபிடல்' இரண்டுக்கும் வேர் ஒன்றே. கணக்குப் பதிவியலில் தினமும் எழுதுகிற 'முதல்' ஒரு காலத்தில் நாலு காலில் நடந்த சமாச்சாரம்!

இது வெறும் இலக்கியக் கற்பனையும் அல்ல. 2006இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கிடைத்த தமிழ்-பிராமி எழுத்துள்ள நடுகல்லில் 'ஆகோள்' என்ற சொல்லே இருக்கிறது. ஆநிரை கவர்தல் என்று பொருள். அந்தப் பூசலில் செத்தவனுக்கு நட்ட கல். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய சங்கதி.

இன்னும் பக்கத்தில் வரலாம். திருவண்ணாமலை மாவட்டம் செங்கம் வட்டாரம் நடுகற்களுக்குப் பெயர் போனது. அங்கே எடுத்தனூரில் ஒரு கல். முதலாம் மகேந்திரவர்மப் பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. எருமைகளைக் காக்கப் போராடி இறந்த ஒருவனின் உருவம் அதில் இருக்கிறது. பக்கத்தில் ஒரு நாய். அந்த நாயின் பெயர் கோவிவன் என்றும், அது இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் இருந்தது என்றும் தனியாக எழுதி வைத்திருக்கிறார்கள். 1,400 ஆண்டுகளாக ஒரு நாயின் பெயர் கல்லில் நிற்கிறது! எந்த ஹாலிவுட் வெஸ்டர்னிலும் இப்படி ஒரு கிளைமாக்ஸ் கிடையாது.

அதே மகேந்திரவர்மனின் காலத்துக் குடைவரை செங்கல்பட்டை ஒட்டிய வல்லம் மலையில் இருக்கிறது. அவனுக்குக் கீழ்ப்பட்ட சிற்றரசனின் மகன் கந்தசேனன் செய்வித்தது. அங்கிருந்து மாமல்லபுரம் போனால் கிருஷ்ண மண்டபம். கோவர்த்தன மலையைத் தூக்கும் கண்ணனைப் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் ஓரத்தில் இருப்பதைக் கவனிப்பதில்லை. ஒருவன் உட்கார்ந்து பால் கறக்கிறான். பசு தன் கன்றை நக்கிக் கொடுக்கிறது. ஆயர்கள் வேலையும் குடும்பமுமாக நிற்கிறார்கள். மேலே மலையே பெயர்ந்தாலும் கீழே கறவை நேரம் தவறவில்லை. இதுவும் பல்லவர் கால வேலைதான். கடற்கரையில் அமைதியான மந்தை, உள்நாட்டில் மந்தைக்காகச் செத்தவனின் கல். பல்லவர் நாட்டின் இரண்டு முகங்கள் இவை.

விடிய விடிய ஒரு வெஸ்டர்ன்

'அது பழங்கதை, கொட்டகையில் உட்கார்ந்த ஜனங்களுக்கு என்ன தெரியும்?' என்று கேட்கலாம். தெரியும். ஏனென்றால் அதே ஜனங்கள் திரௌபதியம்மன் திருவிழாவில் தெருக்கூத்து பார்த்தவர்கள். வட தமிழ்நாட்டுக் கூத்துகளில் 'மாடுபிடி சண்டை' ஒரு முக்கியமான ராத்திரி. விராட பர்வத்தில் வருவது. பாண்டவர்கள் மறைந்து வாழ்கிறார்கள். விராடனின் பசுக்களைக் கௌரவர்கள் மடக்கிக்கொண்டு போகிறார்கள். பேடி வேடத்தில் இருக்கும் அர்ச்சுனன், ஒளித்து வைத்த வில்லை வன்னி மரத்திலிருந்து எடுத்து, ஒற்றை ஆளாகப் போய் மந்தையை மீட்டு வருகிறான்.

ஊருக்குள் பேர் தெரியாமல் வாழும் ஒருவன், ஆயுதத்தை ஒதுக்கி வைத்தவன், கடைசியில் அதை எடுக்க வேண்டிய கட்டாயம், ஒற்றை ஆளாகக் கூட்டத்தை எதிர்ப்பது... இது அப்படியே 1953இல் வந்த 'ஷேன்' என்ற புகழ்பெற்ற வெஸ்டர்னின் சட்டகம்! செடி விஷயத்திலும் ஓர் ஒற்றுமை. வன்னி மரமும், டெக்ஸாஸ் மேய்ச்சல் நிலத்து மெஸ்கீட் மரமும், சீமைக்கருவேலமும் ஒரே இனத்துத் தாவரங்கள்.

தென்னிந்தியாவின் முதல் மௌனப் படமான, நடராஜ முதலியாரின் 'கீசக வதம்' எடுத்துக்கொண்டதும் விராட பர்வக் கதைதான். கீசகன் செத்த பிறகு அடுத்து வருவது மாடுபிடி சண்டை. அவர் அதைத் தொடர்ந்து எடுத்திருந்தால் உலகின் ஆரம்பகால 'வெஸ்டர்ன்'களில் ஒன்று சென்னையில் உருவாகியிருக்கும்! கீசக வதத்தின் ஒரு பிரதிகூட இன்று இல்லை என்பது சோகம்.

கள்ளன் என்று எழுதுவது யார்?

கடைசியாக ஒரு கேள்வி. இதில்தான் விளையாட்டு முடிகிறது.

1892இல் வயோமிங்கின் ஜான்சன் மாவட்டத்தில் பெரிய பண்ணை முதலாளிகள் டெக்ஸாஸிலிருந்து கூலித் துப்பாக்கிக்காரர்களை வரவழைத்தார்கள். சிறு குடியேறிகளை 'மாட்டுத் திருடர்கள்' என்று பட்டியல் போட்டுக் கொல்லக் கிளம்பினார்கள். நேட் சாம்பியன் என்ற கௌபாயை அவன் குடிலில் வைத்துச் சுட்டுக் கொன்றார்கள். ஊர் திரண்டு அவர்களைச் சூழ்ந்ததும் அரசுப் படை வந்து காப்பாற்றியது, முதலாளிகளை. ஒருவருக்கும் தண்டனை இல்லை.

இங்கே? 1871இல் ஆங்கிலேயர் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. மாட்டுத் திருட்டும் அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. ஒருவன் செய்த குற்றத்துக்காக அல்ல, பிறந்த சாதிக்காகவே முழுச் சமூகங்களும் ரேகை பதிந்து, ராத்திரியில் காவலர் முன் ஆஜராக வேண்டியதாயிற்று. எதிர்த்த மக்கள் மீது 1920 ஏப்ரல் 3 அன்று மதுரைப் பக்கம் பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்தது. பலர் செத்தார்கள். நாடு முழுவதும் அந்தச் சட்டம் ஒழிய 1952 ஆனது.

'பி' வெஸ்டர்னில் இந்தச் சிக்கல் கிடையாது. வெள்ளைத் தொப்பி நல்லவன், கறுப்புத் தொப்பி கெட்டவன், அதோடு முடிந்தது. பழைய தமிழ் மரபு அவ்வளவு சுலபமாகப் பிரிக்கவில்லை. கவரப் போனவனுக்கு வெட்சிப் பூ, மீட்கப் போனவனுக்குக் கரந்தைப் பூ. இரண்டு பக்கத்திலும் செத்தவனுக்குக் கல். எடுத்தனூர்க் கல் கள்ளர் என்று சொல்கிறதே என்றால், ஆம், சொல்கிறது. அது காத்தவன் ஊரில் நட்ட கல். கவர்ந்தவன் ஊரில் நட்ட கல்லில் அதே ஆள் வீரன். யார் கல்லைப் படிக்கிறோம் என்பதைப் பொறுத்தது வரலாறு.

பிறகு

கௌபாய் தமிழை விட்டுப் போகவில்லை. 1978இல் தேவர் பிலிம்ஸின் தாய் மீது சத்தியம் படத்தில் ரஜினி அந்த உடையைப் போட்டார். சிவகாசியிலிருந்து வந்த லயன் காமிக்ஸ் டெக்ஸ் வில்லரைத் தமிழ் பேச வைத்தது. 2009இல் 'குவிக் கன் முருகன்' என்ற கிண்டல் படம், மாடுகளைக் காப்பதையே கடமையாகக் கொண்ட ஒரு சைவ கௌபாயைக் காட்டியது. கேலியாகவாவது மாட்டைத் திருப்பிக் கொடுத்த புண்ணியம் அதற்கு! 2010இல் சிம்புதேவனின் இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம் ஓர் ஊருக்கே ஜெய்சங்கர்புரம் என்று பெயர் வைத்து மரியாதை செய்தது. ஜெய்சங்கர் 2000இல் காலமானார். கர்ணன் 2012இல் காலமானார். கொட்டகைகள் அதற்கு முன்பே கல்யாண மண்டபங்களாகவும் குடோன்களாகவும் மாறத் தொடங்கிவிட்டன.

அந்தப் படங்களை 'காப்பி' என்று ஒரு வார்த்தையில் தள்ளிவிடுவது சுலபம். ஆனால் குறைந்த காசில், வாடகை இல்லாத வெயிலில், ஓடுகிற குதிரைக்குப் பின்னால் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடிய உழைப்பு காப்பி அல்ல. அவர்கள் தவறவிட்டது ஒன்றே ஒன்று. தேடிய கதை டெக்ஸாஸில் இல்லை, கொட்டகைக்குப் பக்கத்துத் தெருவில் திரௌபதியம்மன் கோயில் வாசலில் விடிய விடிய நடந்துகொண்டிருந்தது.

அடுத்த முறை மாமல்லபுரம் போகிறவர்கள் கிருஷ்ண மண்டபத்தில் மலையை விட்டுவிட்டு, அந்தப் பால் கறக்கிறவனை ஒரு நிமிடம் பாருங்கள். தமிழ்நாட்டின் அசல் கௌபாய் அவன்தான்.